பாதியில் நிற்கும் அதிகாரம்

டோக்மாக் பக்கம், கிர்கிஸ்தான்
பிப்ரவரி 1998

பிரியமுள்ள கொர்னேலியஸ் அண்ணாவுக்குத் தங்கை அகாத்தா எழுதுவது. கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். நாங்கள் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது. என் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நம் தெருவில் ஜெர்மன் வம்சத்து நம்மவர்கள் வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. உங்கள் ஜெர்மனி இன்னும் எத்தனை பேரைத்தான் விழுங்குமோ!

சபையில் பழைய வழக்கம்தான். ஞாயிற்றுக்கு ஓர் அதிகாரம், எதையும் தாண்டக் கூடாது. வேதாகமம் ஒரு சுற்று முடிய இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது அல்லவா? சாமுவேல் புத்தகத்தில் அமலேக்கியர் அதிகாரம் போன மாதம் திரும்பி வந்தது.

உங்களுக்கு மறந்திருக்காது. போன சுற்றில் இதே அதிகாரம் வந்த அன்று வாசிக்கும் முறை உங்களுடையது. பால்குடிக் குழந்தைகளையும் விடாமல் கொல்லக் கர்த்தர் கட்டளையிட்டார் என்ற இடத்தில் புத்தகத்தை மூடினீர்கள். “துப்பாக்கி தொடமாட்டோம்னு ஜெயிலுக்குப் போனவங்க பிள்ளைங்க நாம. இதுக்கு எப்படி ஆமென் சொல்றது? சிலுவையில தொங்கினவர் இப்படிச் சொல்வாரா? எழுதினவங்க தங்களோட கோபத்தை அவர் தலையில கட்டிட்டாங்க” என்றீர்கள். சபையை நடத்தும் இஸ்பிராண்ட் மூப்பர் எழுந்தார். “பிடிச்சதைப் பொறுக்கி எடுக்க இதென்ன முலாம்பழச் சந்தையா? கர்த்தரைக் கேள்வி கேட்க நீ யாருடா?” என்று உங்களைக் கீழே இறக்கிவிட்டார்.

அன்று அம்மா சுட்ட இரட்டை ரொட்டியைக்கூட நீங்கள் தொடவில்லை. பாப்ளார் மரங்களுக்குக் கீழே, வாய்க்கால் கரையில், இருட்டும்வரை நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது, இனிக்கவும் செய்கிறது. அந்தக் குளிர்காலமே நீங்கள் ரயில் ஏறிவிட்டீர்கள்.

மூப்பருக்கு எண்பது தாண்டிவிட்டது. இலையுதிர் காலத்தில் அவருடைய கொள்ளுப்பேத்தி பல் முளைக்கும் முன்பே போய்விட்டாள். கர்த்தருடைய சித்தம் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். போன மாதம் அந்த அதிகாரத்தை அவரே வாசித்தார். அதே இடத்தில் நின்றுவிட்டார். “இதுக்கு மேல வாயில வரமாட்டேங்குது. கொர்னேலியஸ வரச் சொல்லுங்க. அவன் வந்தப்புறம் மிச்சத்தைப் படிக்கலாம்” என்றார். அன்றிலிருந்து வாசிப்பில்லாமல் கூடுகிறோம், மௌனமாக ஜெபிக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம்.

பெண்கள் பக்கம் பேச்சு ஓயவில்லை. “அமலேக்குன்னா நம்ம உள்ளத்துப் பாவம்டி, அதைத்தான் கொல்லச் சொல்லுது” என்கிறாள் பக்கத்து வீட்டு யூஸ்டினா. “அப்போ அந்தப் பால்குடிக் குழந்தை எந்தப் பாவம்?” என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் விடை தெரியாது அண்ணா. தெரிந்த மாதிரி நடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று மூப்பருக்குச் சூப் கொண்டுபோனேன். இப்போது படுக்கையோடுதான் இருக்கிறார். அண்ணனிடம் விளக்கம் எழுதி அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “விளக்கம் கிடக்கட்டும்மா. எனக்கும் தெரியலன்னு அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்” என்றார்.

பனி உருகும்வரை அவர் தாங்கமாட்டார். உங்கள் வழியைக் கர்த்தர் காக்கட்டும். கோபம் மிச்சமிருந்தால் அதையும் கூடவே கொண்டுவாருங்கள். ஆனால் வந்துவிடுங்கள், அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் அகாத்தா