சுவரில் ஏறும் கை

அன்பு மகள் அருணாவுக்கு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணியிலிருந்து சித்தப்பா துளசிராமன் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் இரண்டு எருமைகளும் சுகம், என் வலது கை மட்டும் முக்கால் சுகம். ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் முழுச் சுகமாக இருக்க அம்மன் துணை. நான் போனில் சொல்வதில் பாதியை நம்பாதே என்று சித்தி உன்னிடம் சொன்னாளாமே, அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இருபத்தாறு வருடம் இரும்புக் கம்பி சுமந்த தோள் இது. நான் தூக்கியதை இப்போது கிரேன் தூக்குகிறது, அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு. ஆடித் திருவிழாவுக்கு முன்பே கை மேலே போகவில்லை, நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மன் பல்லக்கில் முன்தண்டு தூக்கும் என் இடம் போய்விடும், ஆதிநாராயணன் பத்து வருடமாக அந்த இடத்துக்குக் காத்திருக்கிறான். அதனால் தண்டைத் தோளில் வைத்து, கை நழுவாமல் இருக்க மணிக்கட்டைத் துண்டால் தண்டோடு கட்டிக்கொண்டேன். பார்த்தவர்கள் பக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெருமுனையில் பல்லக்கு திரும்பியது, நான் திரும்புவதற்குள் கை திரும்பிவிட்டது. தோள் அறுந்த சத்தம் மீஞ்சூர் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். ஆனாலும் அம்மனைக் கீழே விடவில்லை. பின்னால் நின்ற கணேசன்தான் பிடித்தான் என்று சித்தி சொல்வாள், காதில் வாங்காதே.

சென்னை டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, "இன்னா பெரியவரே, ஜவ்வு அறுந்து உள்ள சுருண்டுகினு, பக்கத்து நரம்பையும் இழுத்துகினு கீது, இவ்ளோ நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க" என்றார். நரம்பில் ஊசி குத்திக் கரண்ட் விட்டார்கள், அந்தக் கரண்டில் நம் கழனி மோட்டார் ஓடியிருக்கும், நான் இமைக்கவில்லை. ஜவ்வைத் தைத்துவிடலாம், நரம்பு விழித்தால்தான் கை ஏறும், விழிக்குமா இல்லையா என்பது ஆறு மாதத்தில் தெரியும் என்றார். அப்போது மட்டும் இடது கையால் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குக் கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மரக்க வைத்தார்கள். கண் விழித்தால் என் வயிற்றின் மேல் யாருடைய கையோ கிடக்கிறது. பக்கத்துக் கட்டில் ஜெரால்டை, "யோவ், உன் கைய எடுய்யா" என்று அதட்டினேன். அவர் தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "நைனா, அது உன்னுதுதான்" என்றார். வார்டே சிரித்தது.

இப்போது தினமும் விரல்களை நண்டு மாதிரி நகர்த்திச் சுவரில் கையை ஏற்ற வேண்டும், எட்டிய இடத்தில் சித்தி பென்சிலால் கோடு போடுவாள். எந்தச் சுவர் தெரியுமா, வருஷா வருஷம் உன்னை நிற்க வைத்து உயரம் குறித்தேனே, அதே சுவர். இரண்டு மாதமாக உன் ஒன்றாம் வகுப்புக் கோட்டிலேயே கை நின்றுவிட்டது. பொறுக்காமல் ஒரு நாள் மணை மேல் ஏறி நின்று நான்காம் வகுப்பைத் தொட்டுவிட்டேன். சித்தி பார்த்துவிட்டாள். "ஊரை ஏமாத்தினது போதாதா, இப்போ செவுத்தையும் ஏமாத்தறியா" என்று கோட்டை அழித்தாள், அன்று ரசத்தில் உப்பும் போடவில்லை. நேற்று, ஆபரேஷனுக்குப் பின் ஐந்தாம் மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, வெறுந்தரையில் நின்று உன் இரண்டாம் வகுப்பைத் தொட்டேன். இதில் ஒரு விரற்கடைகூட நான் கூட்டவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன், இந்தச் சுவரிலாவது பத்தாவது முடித்துவிடுகிறேன். முன்தண்டை ஆதிநாராயணனிடம் நானே கொடுத்துவிட்டேன், அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

நீ கம்ப்யூட்டர் பையை ஒரே தோளில் மாட்டாதே. எங்கே வலித்தாலும் என்னைப் போல மறைக்காமல் அன்றே சொல்லிவிடு. தீர்க்காயுசாய், நிறைந்த மனசாய் இரு கண்ணு. இடது கையால் ஆசீர்வாதம், வலது கை வழியில் வந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு, உன்னை வளர்த்த சித்தப்பா,
துளசிராமன்

அருணா, இரண்டாம் வகுப்புக் கோடு நிஜம். மணை இல்லை, நானே குனிந்து பார்த்தேன். மற்றதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை.
சித்தி ஜோதிலட்சுமி