நசுக்காமல் விட்ட எதிர்முள்

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் ஒரு வேலை செய். டிரைவர் கொடுக்கிற இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடியே ஆற்றுக்கு ஓடி, எல்லாரையும் தூண்டில் கோலைக் கீழே வைக்கச் சொல். இந்தத் தடவை மீனுக்கு இரையாக நான் கொக்கியில் கட்டிக் கொடுத்த இறகுப் பூச்சிகளில் ஒன்றைக்கூட யாரும் வீசக் கூடாது. தண்ணீருக்குள் நிற்பவர்களைக் கரைக்குக் கூப்பிடு. அவை இருக்கிற நீலப் பெட்டியை வாங்கி உன் பையில் போட்டுப் பூட்டு. காரணத்தை வந்து படித்துக்கொள்.

போனாயா? போயிருக்க மாட்டாய். நின்ற இடத்திலேயே அடுத்த வரிக்கு வந்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? போ, தம்பி. அங்கே போனுக்கு சிக்னல் கிடைத்திருந்தால் இந்நேரம் கத்தியே உன் காதைக் கிழித்திருப்பேன்.

இப்போது உட்கார். உன் சிநேகிதர் கண்ணிலிருந்து கொக்கியை எடுத்துவிட்டார்கள். இன்று காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோய்ப் பத்தே காலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். இமையோடு நிற்கவில்லை, விழியையும் கிழித்திருக்கிறதாம். தையல் போட்டிருக்கிறது, பார்வை எவ்வளவு மிஞ்சும் என்பது நாளை மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொல்கிறார். நாலு தடவை கேட்டுவிட்டேன். ஐந்தாவது தடவை என் தலையைப் பார்த்ததும் வேறு வழியாகப் போய்விட்டார்.

கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவருக்கு வலது கண் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு அவர் வேலை பார்த்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அவர் மனைவி வாய்விட்டு அழவில்லை. வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் சட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நேற்று டிரைவர் கையில் நீ கொடுத்தனுப்பிய சீட்டைப் படித்தேன். காற்று திரும்பியதை நீ கவனிக்கவில்லையாம். விருந்தாளியாக வந்த பேங்க் மேனேஜர் கோலைப் பின்னால் ஓங்குகிற வாட்டத்தில் உன் சிநேகிதரை நிற்கவிட்டாயாம். சிநேகிதர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததையும் பார்க்கவில்லையாம். எல்லாம் உன் தப்பு, விருந்தாளிகளை ஊருக்கு ஏற்றிவிட்டதும், மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற வழிகாட்டி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இனி ஆற்றுப் பக்கமே போக மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து வருஷத் தொழிலை நாலு வரியில் முடித்துவிட்டாய். பெரிய மனுஷன்தான் போ.

அது உன் தப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பேனா ஓட மாட்டேன் என்கிறது, அதனால்தான் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் டாக்டரம்மா அந்தக் கொக்கியை ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். நேற்று உன் சிநேகிதரைச் சேர்க்கும்போது நான் வாய் கிழியப் பேசியிருந்தேன். நாங்கள் பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுகிறவர்கள், கொக்கி முனையில் பின்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுவோம், மீன் வாய்கூடக் கிழியாது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்று. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, நசுக்கினீர்கள் என்றால் இது ஏன் வர மாட்டேன் என்று மாட்டிக்கொண்டது என்று கேட்டார்.

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மங்கலாக ஒரு கம்பி, அவ்வளவுதான். உன் சிநேகிதரின் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் அவருடைய பூதக்கண்ணாடி இருந்தது. அவர் மனைவியிடம் கேட்டு வாங்கி, ஜன்னல் ஓரம் போய்க் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எதிர்முள் முழுசாக நின்றுகொண்டிருந்தது. என் குறடு பட்ட தழும்பு அதற்குப் பக்கத்தில், வெறும் கம்பியில் இருக்கிறது.

உடனே வீட்டுக்கு ஓடினேன். மிச்சம் வைத்திருந்த இருபத்தாறையும் ஒவ்வொன்றாகத் துணியில் குத்தி இழுத்துப் பார்த்தேன். ஒன்பது வராமல் மாட்டிக்கொண்டன. உன் பெட்டியில் நாற்பது இருக்கின்றன. மேனேஜர் கோலைத் தொட மாட்டேன் என்று கூடாரத்தில் படுத்திருக்கிறார், மற்ற மூன்று விருந்தாளிகளும் இன்றைக்கும் ஆற்றில்தான் நிற்பார்கள் என்று டிரைவர் சொன்னதிலிருந்து எனக்கு உயிர் தரிக்கவில்லை.

தம்பி, ஒரு வருஷமாகவே எனக்குக் கிட்டத்தில் இருப்பது தெரிவதில்லை. கண்ணாடி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் எங்கள் அக்கா கழுகுக் கண்ணி, கொசுவுக்கே மூக்குத்தி போடுவாள் என்று நீ பீற்றிக்கொள்கிறாய். அதைக் கேட்டுக்கொண்டு மூக்கில் கண்ணாடியோடு வந்து நிற்க வெட்கமாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தே கட்டிவிடலாம், இருபது வருஷப் பழக்கம்தானே என்று நினைத்தேன். திமிர், வேறென்ன?

நீ யார் கொக்கியையும் நம்ப மாட்டாய். சட்டைக் கையில் ஒரு தடவை குத்தி இழுத்து, வழுக்கிக்கொண்டு வந்தால்தான் விருந்தாளி கையில் கொடுப்பாய். போன வருஷம் கலெக்டர் கொண்டுவந்ததைக்கூட அப்படித்தான் பார்த்தாயாம். நான் கட்டினதை மட்டும் பார்ப்பதில்லை. அக்கா கட்டினது என்றால் அப்படியே முடிச்சுப் போட்டுவிடுவாய்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். எதிர்முள் இல்லாமல் இருந்திருந்தால், மரக்கிளையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து மேனேஜர் கோலை வெடுக்கென்று இழுத்தபோதே கொக்கி கழன்று வந்திருக்கும், இமையில் ஒரு கீறலோடு போயிருக்கும் என்று சொன்னார். காற்று, நின்ற இடம் எதுவும் விழியைக் கிழிக்கவில்லை. உண்மை இதுதான்.

உன் சிநேகிதருக்கும் அவர் மனைவிக்கும் இது இன்னும் தெரியாது. கட்டைப் பிரித்து, கண் தெரிகிறது என்று ஆன பிறகு சொல்லலாமே என்று மனசு சொல்கிறது. அப்போது சொன்னால் எல்லாரும் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவார்கள். தெரியவில்லை என்று ஆகிவிட்டால் எனக்குச் சொல்லவே தைரியம் வராது. அதனால் இன்றைக்கே சொல்லப் போகிறேன். நாலு மணிக்கு உள்ளே விடுவார்கள்.

அவர் மனைவி இப்போதுதான் எனக்கு ஒரு டீ வாங்கிவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போகிறார். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள் அக்கா, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். டீ ஆறிக்கொண்டிருக்கிறது. விஷயத்தைச் சொல்லாமல் அதைக் குடிக்க என்னால் முடியவில்லை.

விருந்தாளிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நாளைக்குள் நீயும் வந்துவிடு. கட்டைப் பிரிக்கும்போது உன் சிநேகிதர் பக்கத்தில் நீ இருக்க வேண்டும். லைசென்ஸ் பேச்சை எடுக்காதே.

இன்னொன்று. நீ வந்ததும் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். கொக்கியைப் பார்க்காமல் கொடுத்தது நான்தானே, அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று முன்னால் போய் நிற்பாய். சின்ன வயசில் நான் உடைத்த சாமான்களுக்கெல்லாம் அப்பாவிடம் நீ கையை நீட்டினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் சிநேகிதர் என்னைத் திட்டினால் திட்டட்டும், முகத்திலேயே விழிக்காதே என்று சொன்னால் சொல்லட்டும். நீ குறுக்கே வராதே, கண்ணு. இந்த ஒரு அடியையாவது என்னை வாங்க விடு.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவர் கண் நன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

உன் அக்கா