ஈரத் துண்டில் ஒட்டிய பச்சை

மாப்ளே,

உன் வெள்ளைத் துண்டைப் பெட்டியிலிருந்து இன்று காலை வெளியே எடுத்தேன். ஓரத்தில் அந்தப் பச்சைக் கறை அப்படியே இருக்கிறது. நீ கண்ணை மூடிய பிறகு, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணே" என்று தங்கச்சி கொடுத்தது. இன்னும் துவைக்கவில்லை. பக்கத்தில் இந்த வருஷத்து டெண்டர் தாளை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சர்க்கரைப் பொங்கலுக்கு ஏலக்காய் வேண்டும் என்று அரசு கொள்முதல் அறிவிப்பு வந்ததும், நம் விவசாயிகள் சங்கம் முதன்முதலாக மனுப் போட்டது நினைவிருக்கிறதா? குரங்கணிச் சரிவில் காட்டு மரத்தைத் தொடாமல், நிழல் மரத்தில் கவாத்து செய்து கழித்த கிளைகளை எரித்து உலர்த்திய காய். சாயம் இல்லாததால் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. அந்த வருஷத்து டெண்டர் தாளில் இருந்ததோ 'நல்ல பச்சை நிறம்'. மூட்டைகள் போன ஜீப்பிலேயே திரும்பி வந்தன.

சங்கத்தார் முகத்தைப் பார்க்க முடியாமல் அன்று நான் சொன்னதை உன்னைத் தவிர யாரும் கேட்டதில்லை.

"ஊரே போடுது மாப்ளே. ஒரு தடவ சாயம் போட்டு உள்ள நுழைஞ்சிருவோம்."

நீ கோபப்படவில்லை. "போடலாம் மச்சான். உன் பேத்தியும் அந்தப் பொங்கலத்தான் திம்பா. அவகிட்ட சொல்லிட்டு வா, போடுவோம்."

நான் சொல்லப் போகவில்லை.

அடுத்த டெண்டர் கூட்டத்தில் அதிகாரி ஏலக்காய் நிறைந்த ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். "இந்த நிறம் இருந்தா எடுத்துக்கலாம் பெரியவரே." குடிக்கத் தண்ணீர் கேட்டாய். வந்த தண்ணீரைத் தோள்துண்டின் ஓரத்தில் ஊற்றி, ஜாடியிலிருந்து நாலு காயை எடுத்துத் தேய்த்தாய். வெள்ளைத் துணி பச்சையானது.

"தாள்ல நிறம்னுதான் இருக்கு. எப்படி வந்த நிறம்னு கேட்கலையே" என்றார் அவர்.

"அப்ப தாளத் திருத்துங்க சார்."

அவ்வளவுதான் நீ பேசியது. அதன் பிறகு எழுதியதெல்லாம் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அகராதியை வைத்துக்கொண்டு கொள்முதல் விதிகளை வரிவரியாகப் படித்தேன். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் மச்சான். போடிக்கு நல்ல நேரம், படிக்கல" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொரு மனுவிலும் கையெழுத்துப் போட்டாய். பதில் வராமலே நீ போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இப்போது தாளைப் படிக்கிறேன், கேள்: 'செயற்கை நிறம் கூடாது. ஈர வெள்ளைத் துணியில் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது.'

உன் பெயர் எங்கும் இல்லை. ஆனால் இனி இந்த மலையிலிருந்து கொள்முதலுக்குப் போகிற ஒவ்வொரு மூட்டையும் உன் துண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இதைவிடப் பெரிய கல்வெட்டு யாருக்கும் வெட்ட முடியாது மாப்ளே.

காட்டு மரம் வெட்டாமல் உலர்த்திய காய்க்கு முதலிடம் வேண்டும் என்று கேட்டோமே, அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அடுத்த மனுவைத் தொடங்கிவிட்டேன். உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். தங்கச்சி போடுகிறேன் என்றிருக்கிறது.

நாளை நம் மாதிரிக் காய் போடிக்கு இறங்குகிறது. துண்டின் மறு ஓரத்தை நனைத்து, நம் காயை நானே தேய்த்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். சாயம் போடலாம் என்று ஒருநாள் சொன்ன வாய் இன்னும் என்னிடம்தானே இருக்கிறது.