காரின் பின்கதவும் அப்பாவின் மறதியும்

சேசு மரி சூசை துணை

வரதராஜன்பேட்டை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள தம்பி லியோவுக்கு அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், காரும் நல்லபடியாக இருக்கிறது. நீயும் ஷைனியும் பாப்பாவும் அந்தக் கனடா பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உங்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொல்கிறேன். கொல்லையில் முந்திரி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, பனி அடிக்காமல் இருந்தால் சரி. கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடுதாசி என்று யோசிப்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும், வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை என்னைவிட அவர்தான் அதிகம் எடுத்துப் பார்க்கிறார். ஷைனியின் தம்பி புதன்கிழமை கிளம்புகிறான் அல்லவா, வடகப் பொட்டலத்துக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு நீயே வைத்துக்கொள்.

போன வாரம் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, இனி அவர் வண்டி ஓட்டக் கூடாது, திருச்சியில் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள், ஈஸ்டருக்குள் காரை விற்றுவிட ஆள் பார்த்துவிட்டேன் என்று சொன்னாய். ஆயுசில் பாதியைச் சுண்ணாம்புக்கல் லாரியில் கழித்த மனுஷன், ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சை அடித்தார் என்றுகூடப் பேர் வாங்காதவர், அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினால் அப்புறம் காலையில் எதற்காக எழுந்திருப்பார் சொல். உன் பயமும் நியாயம்தான். நீ வாங்கிக் கொடுத்த இந்தக் கரண்டு கார் ஓடுவதும் நிற்பதும் கத்துவதும் எல்லாம் உன் போனுக்கு வந்துவிடுகிறது, கோடு தாண்டினார், சார்ஜ் தீர்ந்தது, கதவைச் சாத்தவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் உன் போனுக்கு வருவது பாதிக் கதைதான், மீதியை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

தை மாதம் வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும்போது வீட்டுக்கு வராமல் அப்படியே குன்னத்து அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். அங்கே அறுப்புக் காலத்தில் ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப்போடுவார்கள், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், உனக்குத் தெரியாததா. அப்பா அந்தக் காலத்து டிரைவர் அல்லவா, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டிவிட்டு வண்டியை ஒதுக்கினார். இண்டிகேட்டர் போடவே இல்லை. கைச்சாடை காருக்கு எங்கே தெரியும், மனுஷன் கோட்டைத் தாண்டுகிறார், தூங்கிவிட்டாரோ என்று அது ஸ்டீயரிங்கை இடது பக்கம் இழுக்கிறது. இவர் வலது பக்கம் திருப்ப, அது இடது பக்கம் இழுக்க, "யாருடி அது ஸ்டீயரிங்கப் புடிக்கிறது" என்று என் மேல் பாய்கிறார். நான் மடியில் மாதா படத்தை வைத்துக்கொண்டு செபம் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒரு சக்கரம் சோளத்தில் ஏறி இறங்கிவிட்டது. காவல் இருந்த ரெங்கம்மாள் என்கிற அம்மா எழுந்து வந்து, "ஏங்க, சோளத்த அரைக்கணும்னா நாங்க மில்லுக்குக் கொண்டு போய்க்கிறோம், நீங்க எதுக்குங்க செரமப்படுறீங்க" என்று நிதானமாகக் கேட்டது. அப்பா இறங்கி, அந்த அம்மாவிடமே விளக்குமாற்றை வாங்கிக் கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

சார்ஜ் விஷயமும் அதே நாள்தான். வேளாங்கண்ணியில் ராத்திரி சார்ஜ் போட இடம் கிடைக்கவில்லை, திரும்பும்போது ஏசியும் ஓடுகிறது, எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்குப் போட்டியாக இவரும் ஓட்டுகிறார், மீட்டரில் இன்னும் இவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டிய எண் கண்ணுக்கு முன்னாலேயே கரைகிறது. தஞ்சாவூரில் நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "மீட்டரு சைபர் காட்டுனாலும் ரிசர்வுல ஓடும்டி, ரிசர்வு வைக்காம எவன் வண்டி செய்வான்" என்றார். லாரியில் முள் அடியில் படுத்த பிறகும் ஊர் வந்து சேர்ந்த கதையெல்லாம் சொன்னார். அரியலூரும் தாண்டி அந்தச் சோளமும் தாண்டியதும், சார்ஜ் தீரப்போகிறது, இனி மெல்லத்தான் போவேன் என்று கார் மஞ்சள் ஆமையைக் காட்டியது, ஏசியை அணைத்தோம், ஜன்னலைத் திறந்தோம், ஆமை மாதிரியே போய் அத்தை வீட்டுக்காரர் ராசாங்கம் மாமாவின் மாவு மில்லில் நின்றோம். மில் பிளக்கில் வயரை மாட்டிவிட்டு மாமா, "கரண்டுக்கு ஏதுங்க மச்சான் ரிசர்வு, வந்தா வந்துச்சு, போனா போச்சு" என்று சிரித்த சிரிப்பில் மில்லுக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாயந்தரம் வரைக்கும் மாவு நெடியில் உட்கார்ந்திருந்தோம். இதெல்லாம் மறதியா தம்பி, முப்பது வருஷத்துப் பழக்கம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மில்லில் இருக்கும்போதே நீ பதறிப்போய்க் கூப்பிட்டாய். நினைவிருக்கிறதா. அதற்கு முன்னால் நீயும் அப்பாவும் பேசுவது எப்படி இருக்கும், சாப்பிட்டீங்களா, ம், மாத்திரை போட்டீங்களா, ம், அம்மாகிட்ட குடுங்க, இந்தா. அவ்வளவுதான் உங்கள் பேச்சு. அன்றைக்கு நீ எடுத்துச் சொன்னாய், இண்டிகேட்டர் போட்டால் ஸ்டீயரிங் விட்டுவிடும், ஏசியும் வேகமும் பாரமும் சார்ஜைத் தின்னும், மீட்டர் காட்டும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள், கார் தானே பிரேக் பிடிக்கும் என்றாலும் உங்கள் கால் தயாராக இருக்க வேண்டும் என்று. அத்தை கொண்டுவந்த காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது, இவர் தொடவே இல்லை. அப்பாவின் முகத்தை அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தை நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது, குவாரியிலிருந்து தலை மயிரெல்லாம் வெள்ளைப் பொடியாக வருவாரே, தெருமுனையில் ஆரன் அடித்ததும் நீ சோற்றுக் கையோடு ஓடுவாயே, உன்னைத் தூக்கி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நிறுத்தி வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வருவாரே, அப்போதெல்லாம் அந்த முகம்தான். உன்னைச் சென்னைக் காலேஜுக்கு அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்த அன்றைக்கு ஆரன் அடிக்காமல் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருமுனையில் அவர் ஆரன் அடித்ததே இல்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது கதவுக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கிளம்பி, குடையை மறந்துவிட்டுக் கொல்லை வழியாகத் திரும்பி வந்தேன். அப்பா காருக்கு வயரை மாட்டிவிட்டு நான்கு கதவையும் அழுத்திப் பார்த்தார், எல்லாம் சாத்தியிருக்கிறது. அப்புறம் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, இடது பக்கப் பின்கதவை மெல்லத் திறந்து ஒருச்சாய்த்து வைத்தார். வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். இங்கே விளக்கு வைக்கும் நேரம், அங்கே நீ வேலைக்குக் கிளம்பும் நேரம். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. காத்திருந்தது தெரியக் கூடாதென்று அடிக்கவிட்டுத்தான் எடுத்தார். "கதவா, தெறந்தா இருக்கு, மறந்துட்டேன்பா, வயசாவுதுல்ல" என்றார். அப்புறம் மெதுவாக, "ஏம்பா, குறுக்க ஆடு வந்தா இது தானா பிரேக்கு புடிக்குமா" என்று கேட்டார். அதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நீ பயப்படுகிறாய். அன்றைக்குக் காலையில்தான் அவரோடு லாரி ஓட்டிய பாவாடை அண்ணன் வந்திருந்தார், அவரிடம் அப்பா, "காரு கேமரா மனுசனயும் வண்டியயும்தான் நல்லா பாக்கும், ஆடு மாட்ட நம்பி வுடக் கூடாது, கால் பிரேக்குலயே இருக்கணும்னு எம் மவன் சொல்லியிருக்கான்" என்று வரி தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குடையை எடுக்காமலே கோயிலுக்குப் போனேன். சிலுவைப்பாதை முழுக்க எனக்கு அழுகைதான், பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஆகையால் தம்பி, ஆள் பார்த்ததை வேண்டாமென்று சொல்லிவிடு. டாக்டரிடம் வேண்டுமானால் என் மூட்டுவலிக்குக் காட்டுகிறேன். நான் எழுதியதை அவரிடம் மூச்சுவிடாதே, தெரிந்தால் வெட்கத்தில் கதவைச் சாத்திவிடுவார், அப்புறம் உன்னை எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அந்தக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார். கதவு சாத்தியிருக்கும் நாளிலும் நீயாகவே கூப்பிடு. ஷைனியைக் காலையில் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம் என்று சொல், பாப்பாவுக்குக் காது மறைய குல்லா போடு, வடகத்தை வெயில் வரும் நாளில் ஒரு தரம் காயவைத்து எடுத்து வை. சேசுவும் மாதாவும் உங்கள் மூவரையும் கைக்குள் வைத்துக் காப்பார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. சின்ன வயதில் உன்னை லாரியில் ஏற்றிப் போகும்போதெல்லாம் ஆலத்தியூர் சிமென்ட் ஆலைப் புகைக்கூண்டைக் காட்டி, அது என்னப்பா, அது என்னப்பா என்று ஒவ்வொரு நடையும் கேட்பாய். நேற்றுத்தானே சொன்னேன் என்று உன் அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தி மேரி ஆரோக்கியசெல்வம்