மடுவின் அடிக்களி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. அவளுக்கு வாந்தி நின்றுவிட்டதா? பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பு என்று நாற்காலியில் சாய்ந்துவிடாமல், தண்ணீர்க் குடத்தையாவது நீ தூக்கி வை. உன் அப்பாவின் பிள்ளைதானே நீ, எடுத்துச் சொல்லாவிட்டால் எதுவும் கண்ணில் படாது.

போனில் பேசியிருக்கலாம் என்பாய். இரண்டு முறை கூப்பிட்டேன், வண்டியில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாய். அதோடு இந்த விஷயத்தை அப்பா காதில் விழும்படி பேச முடியாது. நம் வீட்டில் சமையலறையில் பெருமூச்சு விட்டால் வாசலில் கேட்கும்.

இங்கே குழாயில் தண்ணீர் வந்து நாளாகிறது. லாரியில்தான் வருகிறது. காய்ந்த ஆற்று மடுவிலிருந்து கிளம்பிய ஆமை ஒன்று தார்ச்சாலையைக் கடந்து கடைத்தெரு வரை வந்துவிட்டது. தையற்காரர் அதைத் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறார். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்வதற்கு முன்னால் ஆமையைத்தான் விசாரிக்கிறார்கள். நீர்க்காகங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கரையில் இருக்கும் பெரிய மரங்கள் பருவம் இல்லாத நேரத்தில் இலை கொட்டுகின்றன.

நீ லீவில் வந்தபோது காய்ந்த மடுவைத்தான் பார்த்தாய். தோண்டியபோது நீ இங்கே இல்லை. அதனால் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் ஆற்றில் வருஷத்துக்குச் சில நாள்தான் தண்ணீர் ஓடும், சில வருஷம் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் அந்த மடுவில் தேங்கி நிற்பதுதான் ஆறு. எந்தப் பஞ்சத்திலும் மீன்கள் அதில்தான் பிழைத்துக் கிடக்கும். வெள்ளம் வந்ததும் அங்கிருந்துதான் மேலும் கீழும் போய்ப் பெருகும். இந்தக் கோடையில் தண்ணீர் குறையவும், மடுவைத் தூர்வாரி ஆழப்படுத்தலாம் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று நினைக்காதவர் இங்கே ஒருவரும் இல்லை. அப்பா தன் பொக்லைன் இயந்திரத்தை யாரும் கேட்பதற்கு முன்னால் கொண்டுபோய் இறக்கினார். முதலில் சேறு வந்தது. அப்புறம் வாளியில் ஒட்டிக்கொண்டு விழாமல் கருங்களிமண் வந்தது. அதற்கும் கீழே வெள்ளை மணல் தெரிந்ததும் கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஊற்று கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களாம்!

அந்தக் களிதான் இத்தனை காலம் தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை. இருந்த தண்ணீரெல்லாம் மணலுக்குள் இறங்கத் தொடங்கியது. முதலில் வெயிலைத் திட்டினோம். மீன்களின் முதுகு வெளியே தெரிந்தபோதுதான் புரிந்தது. அண்டாவிலும் பக்கெட்டிலும் அள்ளிக்கொண்டு, ஆற்றில் கீழே தள்ளி இருக்கும் கீழ்மடுவுக்கு ஓடினோம். பாதி மீன்கள் வழியிலேயே செத்துப்போயின. அந்த நாற்றம் இன்னும் என் சேலையில் இருப்பதுபோல் இருக்கிறது.

அப்புறம்தான் நீ வந்தாய். கரையில் அத்தனை பேர் முன்னால், "ஆத்தைக் கொன்னது எங்கப்பாதான்" என்றாய். நீச்சல் பழகிய இடம், வயிறு எரிந்திருக்கும். உன் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோண்டச் சொன்னவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாவும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின், நீ சொன்னதில் தப்பில்லை என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை. வற்றிய ஏரியிலிருந்து டிராக்டரில் களி கொண்டுவந்து மடுவின் அடியில் பரப்புகிறார். லாரித் தண்ணீரில் கொஞ்சம் வாங்கித் தெளிக்கிறார். சாயங்காலம் ஆட்டுக்காரர் மந்தையை இறக்கி மிதிக்க விடுகிறார். இயந்திரத்தைவிடக் குளம்பு மிதித்தால்தான் களி நன்றாக இறுகுமாம். ஆடுகளோடு சேர்ந்து உன் அப்பாவும் செருப்பில்லாமல் மிதிக்கிறார். மந்தையில் ஒன்று கூடிவிட்டது என்று ஆட்டுக்காரர் கிண்டல் செய்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, கரையேறுவதற்குள் நாலு இடத்தில் நிற்கிறார். சாப்பாடும் பாதிதான்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். ஆறு வரும்போது மடுவின் அடியில் நின்று, களி தாங்குகிறதா என்று பார்க்கப் போவதாகச் சொன்னார். தண்ணீருக்கு அடியில் நின்று என்ன தெரியும் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "தண்ணி வர்றப்ப நான் அங்கதான் இருப்பேன்" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஆறு எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். முள்ளும் மரமுமாகச் சுருட்டிக்கொண்டு ஒரே அடியாக வரும். நல்ல காலுள்ளவனே ஓட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு.

உங்கள் பக்கம் மழை தொடங்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். நீ தினமும் பஸ்ஸில் இதே ஆற்றின் மேல்பக்கப் பாலத்தைக் கடக்கிறாய். அங்கே தண்ணீர் போனால் எங்களிடம் வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். அதைப் பார்த்த உடனே கூப்பிடு. என்னை வேண்டாம், அவரைக் கூப்பிடு. நான் சொன்னால் தலையாட்டிவிட்டு மறுபடி இறங்கிவிடுவார். உன் வாயால், "மேல ஏறி வாங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். களி தாங்கினால் தாங்கட்டும், தாங்காவிட்டால் போகட்டும், அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

நீயும் மருமகளும் பிறக்கப் போகும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். போனை எடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதே. தினமும் காலையில் நானே சார்ஜ் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன். ஏன் என்று அவர் கேட்பதில்லை.

உன் அம்மா