ஆறு தொட்டி பீன்ஸ்

என் சுண்டெலியே,

அம்மா நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா? மண்ணுக்குள் போனவளிடம் நலம் விசாரிக்கக் கூடாதுதான். ஆனால் அதைக் கேட்காமல் கடிதம் எழுத எனக்குத் தெரியாது. அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கட்டும்.

உன்னைப் புதைத்த இடத்தில் பூச்செடி வைக்க, அப்பா மாட்டுப் பண்ணையிலிருந்து ஒரு வண்டி எரு வாங்கியிருக்கிறாராம். அவசரப்பட வேண்டாம் என்று சொல். சில களைக்கொல்லி அடித்த புல்லை மாடு தின்றால் அந்த மருந்து சாணத்தோடு வந்துவிடும். நான் வேலை செய்யும் நாற்றுப் பண்ணையில் அப்படித்தான் தக்காளி நாற்று முழுக்க இலை சுருண்டு போனது. எரு என்னவோ பார்க்க நல்ல கறுப்பாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் எரு வண்டி வந்தால் நான்தான் சோதிக்கிறேன். மூன்று தொட்டியில் எரு கலந்த மண், மூன்றில் வெறும் மண். ஆறிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரம் பார்க்க வேண்டும். எல்லா இலையும் சுருளாமல் விரிந்தால் நல்ல எரு. நான் தினமும் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "என்னடி, பீன்ஸுக்குப் பிரசவம் பாக்குறியா?" என்று மேஸ்திரி அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். உனக்குக் காய்ச்சல் அடித்த மூன்று நாளும் இந்தத் தொட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அப்பாவையும் இப்படியே செய்யச் சொல். தொட்டி இல்லாவிட்டால் பழைய டப்பா போதும், அடியில் ஓட்டை போட வேண்டும். உன் செருப்பை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொல்.

பண்ணைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. என்ன செடி வைப்பது என்று அப்பா என்னைக் கேட்டார். நான் இந்த ஊருக்கு வேலைக்குக் கிளம்பி வந்தபோது நீ கைக்குழந்தை, உனக்கு இன்னும் பேச்சே வரவில்லை. உனக்கு எந்தப் பூ பிடிக்கும், கண்ணு?