உறுதிப்படுத்த இயலவில்லை

மே 4, அட்டுவம்பட்டி

ஓய்வெடுக்க வந்த லட்சணம் இது. ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, கொஞ்ச நாள் மலையில் போய் இருங்கள் என்றார் டெல்லி டாக்டர். கொடைக்கானலில் அக்கா வீடு இருக்கிறதே என்று வந்தேன். உப்பில்லாத ரசத்தைக் குடித்துக்கொண்டே டிவியைப் போட்டால் 'மூன்று இந்தியர்கள் படுகொலை' என்று சிவப்பு எழுத்தில் ஓடுகிறது. எரிந்துபோன ஒரு வண்டியின் படம். யார் சொன்னது? தூதரகம் சொன்னதா? வெளியுறவு அமைச்சர் என்று ஒருவன் இருக்கிறேனே, நான் சொன்னேனா? எவனோ கைப்பேசியில் அனுப்பியிருக்கிறான். இவர்கள் சோக இசை சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

மூவரில் ஒருவன் கூக்கால்காரன். விக்னேஷ், எலெக்ட்ரீஷியன். குடிநீர் ஆலை வேலைக்குப் போனவன். போன மாதம் ஆயுதக் கும்பல் ஒன்று மூவரையும் வழிமறித்துக் கொண்டுபோனது. எந்த நாடு என்று இதில்கூட எழுத மாட்டேன். தொழில் பழக்கம். நான் பழனி அடிவாரத்தில் பிறந்தவன். கூக்கால் எங்கள் தலைக்கு மேலே இருக்கிற ஊர். அவன் வீட்டு வாசலில் கேமராவை வைத்து, பூண்டுத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து நின்ற அப்பனிடம் மைக்கை நீட்டி, "இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று கேட்கிறான் ஒரு பயல். அந்த மைக்கைப் பிடுங்கி அவன் மண்டையில் போட வேண்டும்.

அக்கா சண்முகவள்ளி டிவியை நிறுத்தினாள். "ஏலே குமரு, நாட்டுக்கு மந்திரி நீயா, இந்தப் பொட்டியா?"

மே 5

உயிரோடு இருக்கிறார்கள்! மூன்று பேரும்!

சௌம்யா வந்து சொன்னாள். என் தனிச் செயலர், அதிர்ந்து பேசாத பெண். அவள் தோட்டத்துக்குள் ஓடிவந்ததை இன்றுதான் பார்த்தேன். நடுவில் நின்று பேச்சு நடத்துகிற நாட்டின் ஆள் மூவரையும் நேரில் பார்த்திருக்கிறார். விடுவிக்கச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை: எல்லை தாண்டும் வரை இந்தியா வாயைத் திறக்கக் கூடாது. செத்ததாக வந்த செய்தியை மறுக்கவும் கூடாது. அந்தக் கும்பலுக்குள்ளேயே இரண்டு கோஷ்டி. மூவரும் செத்துவிட்டதாக இன்னொரு கோஷ்டி நம்புகிற வரைக்கும்தான் பிழைப்பார்கள். உயிரோடு இருப்பது தெரிந்தால் அந்தக் கோஷ்டி பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

ஆக, எவனோ ஒரு புளுகன் கிளப்பிவிட்ட புளுகுதான் இப்போது அந்த மூன்று பேருக்கும் காவல். நல்ல ராஜதந்திரம்.

கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: உறுதிப்படுத்த இயலவில்லை.

மே 7

விக்னேஷின் அப்பா வந்தார். அழகுமலை. ஊர்ப் பெரியவர் தங்கமுத்து கூட்டி வந்திருந்தார். விக்னேஷின் மனைவி சுபஸ்ரீ வீட்டுக்குள் வரவில்லை, கேட் பக்கத்திலேயே நின்றாள். கூக்காலிலிருந்து வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு, கேரட் மூட்டை ஏற்றிய வேனில் வந்திருக்கிறார்கள்.

அழகுமலை உட்காரவில்லை. "எனக்குப் பெரிய சேதியெல்லாம் வேண்டாமுங்க. எம்மவன் இருக்கானா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிட்டே இருக்கேன்."

"இதுவரை எதையும் உறுதிப்படுத்த இயலவில்லை" என்றேன்.

"அப்படின்னா என்ன அர்த்தமுங்க? இருக்கான்னா, இல்லைன்னா?"

மறுபடியும் அதையே சொன்னேன்.

"நம்ம பழனி ஆளுன்னு சொன்னாங்க" என்றார். கும்பிட்டார். திரும்பிப் போய்விட்டார். கேட்டில் நின்ற மருமகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டிவில வர்றதைத் திருப்பிச் சொல்றதுக்கு எதுக்கு மாமா மந்திரி? வாங்க, வீட்டுல சோலி கெடக்கு" என்றாள்.

அவர்கள் போனபின் சௌம்யா மெதுவாக ஆரம்பித்தாள். "சார், பெரியவர்கிட்ட மட்டும் சொல்லிடலாமே. போன்கூட இல்லை அவர்கிட்ட."

கத்திவிட்டேன். "போன் இல்லைன்னா வாய் இல்லையா? மருமக அழுதா சொல்ல மாட்டாரா? நாளைக்கு டிவில 'அமைச்சர் ரகசியத் தகவல்'னு வரும். மூணு உயிரும்மா! யாருக்கும் கெடையாது. ஒருத்தருக்கும் கெடையாது!" அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

மே 9

தங்கமுத்து போன் செய்தார். வெள்ளிக்கிழமை விக்னேஷுக்குக் கருமாதி செய்யப் போகிறார்களாம்!

பிணம் வரவில்லையே என்றேன். அது எங்கேயிருந்து வரும், போட்டோவை வைத்துச் செய்வோம் என்கிறார். சுபஸ்ரீயின் தாலியைக் கழற்றி வாங்கப் போகிறார்கள். அவள் மாட்டேன் என்று கத்துகிறாளாம். பெற்றவர்களே வந்து பிடித்து உட்கார வைக்கிறார்களாம்.

உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதி. இங்கே உட்கார்ந்து கேரட் பொரியல் தின்கிற எனக்கு அது தெரியும். இந்த மலையில் எனக்கும் சௌம்யாவுக்கும் மட்டும் தெரியும்.

"அப்படி என்னய்யா அவசரம்?" என்று கேட்டேன்.

"அடுத்த மாசம் பூண்டு எடுத்ததும் மாரியம்மன் திருவிழா வருதுல்லீங்க. காப்புக் கட்டிட்டா அவுக்குற வரைக்கும் ஊர்ல கெட்ட காரியம் எதுவும் செய்யப்படாது. அதான் வெரசா முடிச்சிடலாம்னு."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். காப்புக் கட்டினால் செய்யக் கூடாது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் காப்புக் கட்டிவிட்டால்?

மே 10

கூக்கால் போய்வந்தேன். பூம்பாறைத் தடத்தில் எங்கே பார்த்தாலும் டூரிஸ்ட் கார். போலீஸ் வண்டி ஊதிக்கொண்டே போனது. எல்லோரும் திட்டியிருப்பார்கள், திட்டட்டும்.

கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார்கள். திருவிழாவை இந்த மாதமே வையுங்கள், அடுத்த மாதம் நான் வெளிநாட்டில் இருப்பேன், எனக்குத் திருவிழாவில் கலந்துகொள்ள ஆசை என்றேன். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பதவிக்கு வந்தால் புத்தி இப்படித்தான் போகும் என்று எல்லோரும் நினைத்தது எனக்குக் கேட்டது. நினைக்கட்டும் என்றுதானே வந்தேன்.

தங்கமுத்து தலையைச் சொறிந்தார். "பூண்டு இன்னும் எடுக்கலையேங்க. காசு புழங்காதே." அங்கே இங்கே சுற்றிக் கடைசியில் பஸ் கேட்டார். நாள் முழுக்க ஒன்றிரண்டு பஸ்தான், கூடுதலாக ஒன்று வேண்டும். வெளியுறவு அமைச்சரிடம் பஸ்! எத்தனையோ நாட்டு அமைச்சர்களோடு பேரம் பேசியிருக்கிறேன், இந்த மனிதரைப் போல ஒருத்தர் என் எதிரே உட்கார்ந்ததில்லை. வாங்கித் தருகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை காப்பு. வெள்ளிக்கிழமைக் கருமாதி நின்றது.

வண்டியில் ஏறப்போனபோது சுபஸ்ரீ வந்து கதவை மறித்தாள். தன் தாலி பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று மடையன் நான் எதிர்பார்த்தேன். "எம்புருசன் எங்கேன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டீக. மாலை வாங்கிக்கிறதுக்கு மட்டும் மலையேறி வருவீகளா?" என்றாள். காவலர்கள் அவளை விலக்கினார்கள். அவளைத் தொடாதே என்று அவர்களிடம் கத்தினேன். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அழகுமலை கூட்டத்துக்கே வரவில்லை. படுத்தே கிடக்கிறாராம்.

மே 11

எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது. 'துக்கத்தில் கிராமம், மாலைக்கு அலையும் அமைச்சர்.' பிரதமர் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். உண்மைதான் என்றேன்.

மே 13

காப்புக் கட்டிவிட்டார்கள். இனி என்ன, பேச்சு வெரசா முடிய வேண்டும்.

மே 16

முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். நம் தூதர் 'நிலைமை கவனமாகக் கையாளப்படுகிறது' என்று எழுதியிருக்கிறார். அந்த வாக்கியத்தை நான் அவருக்கு எழுதுவேன், அவர் எனக்கு எழுதுவார். இதற்குத்தான் சம்பளம்.

மே 18

அழகுமலை செத்துவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம். விக்னேஷின் சித்தப்பா ராஜமுருகன் தண்ணீர் கொடுத்திருக்கிறார், இறங்கவில்லை. செய்தி கேட்டதிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லையாம். "எம்பையன் கூப்பிடுறான்"னு சொல்லிக்கிட்டே கெடந்தாராம்.

எவன்யா கூப்பிட்டான்? அவன் அங்க உசுரோட சோறு தின்னுக்கிட்டு இருக்கான்யா!

இன்னும் கேள். காப்புக் கட்டின ஊரில் சாவு விழுந்தால் பிணம் கிடக்கக் கூடாது. மேளம் கிடையாது. ஒப்பாரி கிடையாது. சொந்தக்காரர் வரும் வரைக்கும் வைத்திருப்பதும் கிடையாது. இன்றைக்கு வெள்ளனே, விடிவதற்குள், நாலு பேர் துணியில் சுற்றிப் பின்பக்க வழியாகத் தூக்கிப்போய் எரித்துவிட்டார்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் முன்னால் நின்ற மனிதராம் அவர். அவருக்கு நாலு பேர். சுபஸ்ரீ சத்தம் போட்டு அழுதபோது வாயைப் பொத்தினார்களாம்.

அது யார் கட்டச் சொன்ன காப்பு?

சௌம்யா வந்து நின்றாள். "நீ சொன்னாய், நான் கேட்கவில்லை என்று சொல்லேன்" என்றேன். அவள் அதைச் சொல்லவில்லை. மாத்திரை போட்டீர்களா சார் என்று கேட்டாள். அதற்கும் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

மே 20

திருவிழாவுக்குப் போனேன். போகாமல் இருந்தால் எதற்காக முன்னே வைக்கச் சொன்னான் என்று எவனாவது தோண்டுவான்.

பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள். தங்கமுத்து என் முகத்தைப் பார்க்காமல் போட்டார். அழகுமலை வீடு கோயிலுக்கு மூன்றாவது தெருவில், கதவு சாத்தியிருந்தது. பொங்கல் கொடுத்தார்கள், காவலரிடம் கொடுத்துவிட்டேன். வீடு திரும்பியதும் அக்கா, "நெத்தியைத் தொடைடா, பாக்கச் சகிக்கல" என்றாள். அவளுக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. அவளாக எதையோ புரிந்துகொண்டுதான் அழுதாள் என்று நினைக்கிறேன்.

மே 24

எல்லை தாண்டிவிட்டார்கள். மூவரும் நம் தூதரகத்தில். வந்து சேர்ந்ததும் விக்னேஷ் குளிக்கச் சுடுதண்ணீர் கேட்டானாம்.

சந்தோஷப்பட வேண்டும். நாட்டுக்கே சந்தோஷம். அதே டிவி, இன்றைக்குத் துள்ளல் இசை. 'சாதித்துக் காட்டினார்.' செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

சுபஸ்ரீயிடம் நானே போனில் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். அப்புறம் அழுகை நின்றது. "எப்பத் தெரியும் ஒங்களுக்கு?" என்றாள்.

சொன்னேன். உங்கள் மாமா என்னைப் பார்க்க வந்த அன்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். ஏன் சொல்ல முடியவில்லை என்பதையும், அந்த இரண்டு கோஷ்டியையும், காப்பையும், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தாலிக்குத்தான் காப்பா?"

ஆமாம் என்றேன்.

"நான் கேட்டேனா ஒங்ககிட்ட? கருமாதின்னு உக்கார வச்சிருந்தாலும் நான் கழட்டிக் குடுத்திருக்க மாட்டேன். மாமாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா அந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்து சோறு தின்னிருப்பாரு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எம்புருசங்கிட்ட இப்ப எதுவும் சொல்லாதீக. வீட்டுக்கு வரட்டும், நான் சொல்லிக்கிறேன். சொல்லாம இருக்கத்தான் ஒங்களுக்கு நல்லா வருமே."

போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. இந்த மாதத்தில் முதல் தடவையாக.

மே 26, டெல்லி

விமான நிலையத்தில் மூவரையும் நான்தான் வரவேற்றேன். கேமராக்கள் போனபின் விக்னேஷ் என்னிடம் வந்தான். மெலிந்துபோய், யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையில். அழகுமலையின் அதே மூக்கு. "நீங்க நம்ம பழனிங்களாமே, சௌம்யா மேடம் சொன்னாங்க" என்றான். "வீட்டுல பேசுனேங்க. அப்பாகிட்டக் குடுன்னா, தோட்டத்துக்குப் போயிருக்காருன்னே சொல்றாங்க. ரெண்டு நாளா அதையேதான் சொல்றாங்க. அப்பாவைப் பாத்தீங்களாய்யா?"

சுபஸ்ரீ சொல்ல வேண்டாம் என்றிருந்தாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அவனை உட்கார வைத்துச் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். கைக்குள்ளிருந்தே, "யாரு கொள்ளி வச்சா?" என்றான்.

சித்தப்பா என்றேன்.

"நெறைய சனம் வந்துச்சுங்களா?"

நாலு பேர், ஊரில் காப்புக் கட்டியிருந்தது என்றேன்.

கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை அவனுக்கு. "காப்பா? பூண்டே இன்னும் எடுத்திருக்க மாட்டாங்களே. இந்த மாசம் யாருய்யா காப்புக் கட்டச் சொன்னது?"

நான்தான் என்றேன்.

எதுக்கு என்றான். சௌம்யா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். முதலிலிருந்து சொன்னேன்.